அருவி எந்தப் பக்கம்

ரிச்சர்ட்ஸ் டவுனில் உன் மகள் அந்த அட்டைப்பெட்டியைத் திறந்ததும் ஹைப்போ வாடை குப்பென்று வந்தது. படம் கழுவும் அந்த மருந்து வாடை உன் சட்டையில் எப்போதும் இருக்கும். நீ போய் எட்டு மாதம் ஆகிறது. வாடை போகவில்லை.

பெட்டிக்குள் நீலகிரிப் பள்ளத்தாக்கு. யாரோ ஒரு துரை எடுத்த வெள்ளைக்காரன் காலத்துக் கண்ணாடி நெகட்டிவ்களிலிருந்து நீ போட்ட பிரிண்டுகள்: மேகம், பாறை, நூல் போல ஓர் அருவி. எட்டாவதோடு படிப்பு நின்றாலும் சரித்திரத்தில் என்னை அசைக்க முடியாது. துரையின் பெயர்கூட எனக்குத் தெரியும், இப்போது நாக்கில் வரவில்லை. இவற்றைச் சர்ச் ஹாலில் உன் பெயரில் கண்காட்சியாக வைக்கப்போவதாக உன் மகள் சொன்னாள்.

உதவிக்கு வந்திருந்த, மலையேறுகிற ஆள் ஒருவர் ஒரு படத்தைப் பார்த்துச் சிரித்தார். அங்கே அருவி வலப்பக்கமாம், இதில் இடப்பக்கம் இருக்கிறதாம். "நெகட்டிவைத் திருப்பி வச்சுட்டாரு. பிரிண்ட் போட்டவருக்கு வேலை தெரியாது போல" என்றார்.

உன் மகள் முகம் சுருங்கிவிட்டது. நாற்பது வருஷம் இருட்டறையில் நின்று நீ எடுத்த பெயர் அது. அவள் என் பக்கம் திரும்பினாள். "அங்கிள், நீங்க நேர்ல போனவர்தானே. அருவி எந்தப் பக்கம்?"

நான் என்ன சொல்வேன், நீயே சொல்லு.

திருப்பி வைத்துக் கெட்டுப்போச்சு என்று நீ ஒதுக்கிய பிரிண்டை, உன்னைக் கேட்காமல் விவேக் நகரில் என் வீட்டுக்குக் கொண்டுபோய்ச் சட்டம் போட்டு மாட்டியவன் நான். இடப்பக்கத்து அந்த அருவியில் குளித்தேன், எதிரே தண்ணீர் குடித்த புலி என்னைப் பார்த்ததும் மரியாதையாக ஒதுங்கிக்கொண்டது என்று வருகிறவர்களிடமெல்லாம் சொன்னவனும் நான். என் சம்பந்தி வீட்டார் உட்கார்ந்திருந்த நேரத்தில் நீ வந்தாய். படம் இடம் வலமாக மாறியிருக்கிறது என்று ஆரம்பித்தாய். குளித்தவனுக்குத் தெரியாதா என்று மடக்கினேன். என்னையும் அவர்களையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு அவர்களிடம் சொன்னாய்:

"அவன் நேர்ல பார்த்தவன். நான் இருட்டு ரூம்ல கிடக்கிறவன். அவன் சொன்னா சரியாத்தான் இருக்கும்."

சம்பந்தி தனக்கும் ஒன்று வேண்டுமென்றார். வேண்டுமென்றே நெகட்டிவைத் திருப்பி வைத்து நாலு போட்டாய். மிஞ்சியதுதான் பெட்டியில் கிடந்தது.

உன் மகளிடம் சொல்லிவிட்டேன். "நான் ஊட்டியே பார்த்ததில்லம்மா. போற வழியிலயே, குண்டல்பேட்டைல வாந்தி எடுத்து, அடுத்த பஸ்ல திரும்பிட்டேன். உங்க அப்பாவுக்கு வேலை நல்லாத் தெரியும். எனக்காகத்தான் தப்பாப் போட்டாரு."

அழுவாள் என்று நினைத்தேன். "அப்ப அந்தப் புலி?" என்று கேட்டுவிட்டு, தரையில் உட்கார்ந்து சிரித்தாள்.

கண்காட்சியில் சரியான படத்தையும் திருப்பிப் போட்டதையும் பக்கத்துப் பக்கத்தில் மாட்டினாள். இரண்டாவதன் கீழே, 'நண்பருக்காகப் போட்டது' என்று எழுதினாள். ஞாயிற்றுக்கிழமை முழுக்க அங்கேயே நின்று, அந்த நண்பர் நான்தான் என்று எல்லோருக்கும் சொன்னேன். மலையேறுகிறவருக்கு இரண்டு முறை. வாந்தியைக்கூட விடவில்லை.

நான் எதையும் சேர்க்காமல் சொல்லும் ஒரே கதை இதுதான். சேர்க்கத்தான் பார்த்தேன். நீ செய்ததற்கு மேல் ஒன்றும் தோன்றவில்லை.