மச்சானின் காதும் ஐந்து ஸ்பீக்கரும்

ஜூலை 6, ஞாயிறு

நான் அப்போதே சொன்னேன். ஒருவரும் கேட்கவில்லை. நூல் மில்லில் மிஷின் பார்க்கும் பிட்டராக நின்றால் காது போய்விடும் என்று ஐயாதுரை மச்சானின் கல்யாணப் பந்தலிலேயே சொன்னவன் நான். முப்பத்தோரு வருஷம் கழித்து நடந்துவிட்டது.

ஓசூரில் வேலை பார்க்கும் மச்சானின் மகள் ஜெபா, டிவியில் படம் பார்க்கும் பெட்டியும் ஐந்து ஸ்பீக்கரும் அனுப்பியிருந்தாள். போன ஞாயிறு ஸ்ரீவில்லிபுத்தூரில் அக்கா வீட்டுக்குப் போய் மாட்டிக் கொடுத்தது நான்தான். வீட்டில் ஓர் இடம் பாக்கியில்லாமல் பங்கு வைத்தேன். டிவிக்கு இரண்டு பக்கமும் ஒவ்வொன்று, படுக்கையறைக்கு ஒன்று, வாசலுக்கு ஒன்று. மற்றவை நிற்க, நீளமாகப் படுத்திருந்த ஐந்தாவதை கிருபாபாய் அக்காவுக்காக அடுப்படி அலமாரியில் வைத்தேன். செட்டிங்ஸில் 'ஸ்டீரியோ' என்று இருந்தது. 'சரவுண்ட்' என்று மாற்றினேன். ஐந்து வாய் வாங்கிவிட்டு இரண்டை மட்டும் பேசவிடுவதா?

இன்று போனால் மச்சான் முகமே சரியில்லை.

"மாப்ள, பாட்டு வருது, மழை வருது. ஒருத்தனும் பேச மாட்டேங்கான்."

அடுப்படியிலிருந்து அக்கா, "எம்புட்டுச் சத்தமாப் பேசுதான்! ஒங்களுக்குக் கேக்கலையா?" என்றாள்.

எனக்குக் கேட்டதா? நான் படம் ஓடும்போது நானே பேசிக்கொண்டிருப்பவன்.

ஜூலை 8, செவ்வாய்

பேண்டேஜ் கம்பெனியில், என் பேக்கிங் பிரிவு முழுக்கச் சொல்லியாகிவிட்டது. என் முன்யோசனையைக் கேட்டு வாயடைத்துப் போனார்கள்.

ஜூலை 13, ஞாயிறு

காது டாக்டர் விக்னேஸ்வரன் எனக்கு நல்ல பழக்கம். ராஜபாளையம் பஸ் ஸ்டாண்டில் பார்த்து நிறுத்திக் கேட்டேன். "பெலிக்ஸ், மில்காரர் காது இப்படித்தான். முதலில் சினிமாப் பேச்சு போகும். அப்புறம் மனுஷப் பேச்சு. கடைசியில் மிஷின் சத்தம். மருந்து கிடையாது" என்றார்.

மச்சானிடம் அப்படியே ஒப்பித்தேன்.

"மிஷின் சத்தமுமா?" என்று ஒரே ஒரு தடவை கேட்டார். பிறகு, "செய்தி மட்டும் நல்லாக் கேக்குதே?"

"அவங்க கத்துதாங்க மச்சான்."

டிவியை அணைத்துவிட்டார்.

ஜூலை 17, வியாழன்

மச்சானுக்கு மில்லில் பேரே காதுதான். நூல் நூற்று ஓடுகிற பிரேமுக்குப் பக்கத்தில் நடந்து போனாலே எந்த பேரிங் போகப்போகிறது என்று சொல்லிவிடுவார். நேற்று பதினாலாம் பிரேம் அப்படியே இறுகி நின்றுவிட்டதாம்.

போனில் சொன்னார்: "சத்தம் மாறுனது கேட்டுச்சு மாப்ள. நம்ம காதுதான, அத நம்பி எப்படி நிப்பாட்டன்னு விட்டுட்டேன்."

இன்று முழுக்க எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. ஒரு பெட்டி முழுக்க லேபிளைத் தலைகீழாக ஒட்டிவிட்டேன்.

ஜூலை 19, சனி

அக்கா போன். "ஏலே, அவிய வேலைய விடுதேன்னு லெட்டர் எழுதிட்டாவ. திங்கக்கிழமை குடுக்கப் போறாவளாம். இன்னும் ரெண்டு வருசம் கெடக்கு. வேல இல்லாட்டி அவிய அவியளா இருக்க மாட்டாவ. நீ அந்த டாக்டர இன்னொருக்கா கேளுல."

கேட்கிறேன் என்றேன். எங்கே போய்க் கேட்க?

ஜூலை 20, ஞாயிறு

சர்ச் முடிந்ததும் நேரே அக்கா வீடு. மச்சான் டிவிக்கு முதுகு காட்டி உட்கார்ந்திருந்தார். சட்டைப் பையில் லெட்டர். கை சும்மா இருக்காமல் ஒரு படத்தைப் போட்டுவிட்டு செட்டிங்ஸுக்குள் போனேன். ஆட்டோ — மழை. சரவுண்ட் — அதே மழை. ஸ்டீரியோ —

"கதவைத் திற" என்றாள் ஒருத்தி. படத்தில்தான். மச்சான் எழுந்து வாசல் கதவுவரை போய்விட்டார்.

அதே நேரம் அடுப்படியிலிருந்து அக்கா கத்தினாள். "ஏலே, என் பெட்டிய ஏன் நிப்பாட்டுன? இப்பதான் அந்த மாமியா வாயத் தொறந்தா!"

மூவரும் அடுப்படியில் நின்று அந்த நீள ஸ்பீக்கரைப் பார்த்தோம். சரவுண்டில் வைத்தால் படத்தின் பேச்சு முழுக்க அதற்குத்தான் போகும் போலிருக்கிறது; செய்தி மட்டும் டிவி பக்கத்திலேயே வந்திருக்கிறது. டிவிக்கு அடியில் நடுவில் இருக்க வேண்டியது அது. மூன்று வாரமாக எல்லா வசனத்தையும் அக்கா ஒருத்தி மட்டும் கேட்டுக்கொண்டு குழம்பு வைத்திருக்கிறாள்.

மச்சான் நாலு தடவை மாற்றி மாற்றிப் போடச் சொன்னார். பேச்சு அடுப்படிக்கு ஓடியது, கூடத்துக்குத் திரும்பியது. கண்ணைத் துடைத்துக்கொண்டார். பிறகு என்னைப் பார்த்தார்.

"அப்ப டாக்டர் ஏம்ல அப்படிச் சொன்னாரு?"

"டாக்டர்ல பல தினுசு மச்சான்" என்றேன்.

ஜூலை 21, திங்கள்

லெட்டரின் பின்பக்கத்தில் அக்கா மளிகைச் சாமான் எழுதிவிட்டாளாம். கோளாறு செட்டிங்கில்தான் என்று நான் முதல் நாளே சொன்னதைப் பேக்கிங்கில் எல்லோருக்கும் நினைவுபடுத்தினேன். ஒருத்தருக்கும் நினைவில்லை.

ஜூலை 27, ஞாயிறு

மச்சான் ராஜபாளையத்துக்கே வந்துவிட்டார். பைக்கில் அரை கிலோ பால்கோவா தொங்குகிறது. வியாழக்கிழமை ஒன்பதாம் பிரேமை இவரே நிறுத்தச் சொல்லி, பிரித்துப் பார்த்தால் பேரிங் அன்றோ மறுநாளோ என்று இருந்ததாம்.

"கெளம்பு மாப்ள. அந்த டாக்டரப் பாக்கணும்."

"எதுக்கு மச்சான் சண்டை?"

"சண்டைக்கா பால்கோவா வாங்குவான்? இன்னொரு மில்காரன் வந்தா காதப் பாக்காம இப்படிச் சொல்லிராதீய ஐயான்னு ஒரு வார்த்த சொல்லணும். நான் லெட்டரே எழுதிட்டேன்லா."

சட்டை மாற்றி வருகிறேன் என்று உள்ளே வந்து இதை எழுதுகிறேன். வெளியே பைக்கை அணைத்துவிட்டார்.

"மாப்ள, நோட்டப் பொரட்டுத சத்தம் கேக்கு. சட்டையா மாத்துத?"

அப்பேர்ப்பட்ட காது.

விக்னேஸ்வரன் என்று ஒரு டாக்டர் கிடையாது. பஸ் ஸ்டாண்டில் நான் யாரையும் நிறுத்தவில்லை. முதலில் சினிமா, அப்புறம் மனுஷன், கடைசியில் மிஷின் — அது என் வாயில் வந்தது. அவ்வளவு வரிசையாக வந்ததால் நானே நம்பிவிட்டேன்.