வீட்டுப் பாத்தி

ஜூன் 3, திங்கள்

காலையிலிருந்து தூறல். கந்தப்பளை பஸார் பனிமூட்டத்துக்குள். துணி காயாத மூன்றாம் நாள்.

இவ்வளவு காலம் வாயை மூடிக்கொண்டிருந்தது போதும். அண்ணனுக்கு ஒரு கடிதம் எழுதப்போகிறேன். ஒன்பது வருடமாகப் பேசாததை எல்லாம் ஒரே கடிதத்தில்.

இந்தக் கொப்பி அதற்காக வாங்கியதல்ல. கிளினிக் உத்தரவு. கண்டியில் நெஞ்சுக்குள் ஸ்டென்ட் வைத்து நாலு மாதம். தின்பதை எல்லாம் எழுதிக்கொண்டுபோய்க் காட்டவேண்டும். சிங்களத் தாதி, என் மகள் வயது. தமிழ்ச் சொல்லைத் தேடித் தேடிச் சொன்னாள்: "சேர், எலவளு... மரக்கறி. பலத்துரு... பழம். ரெண்டும் ஒவ்வொரு நாளும் வேணும். ஹார்ட்டுக்கு நல்லம். ரொட்டி கொஞ்சம். சீனி கொஞ்சம்." முப்பது வருடம் சுகாதாரப் பாடம் படிப்பித்தவனுக்கு வகுப்பு. தலையாட்டினேன். காட்டும் முன் மற்றப் பக்கங்களைக் கிழித்துவிட வேண்டும்.

காலை: கஞ்சி, வாழைப்பழம்.
பகல்: சோறு, பருப்பு, லீக்ஸ் வதக்கல், கரட் சம்பல்.
பின்னேரம்: பப்பாசி, இரண்டு துண்டு. சீனி இல்லாத தேத்தண்ணி. தேயிலை மலையில் பிறந்தவனுக்கு இது தண்டனை.
இரவு: முட்டைக்கோவா, போஞ்சிக் கறி. ரொட்டி ஒன்று.

தின்றதை எழுதியாயிற்று. செமிக்காமல் நெஞ்சில் கிடப்பவை:

1. என்னிடம் படித்தவன் இன்று என் பள்ளிக்கூடத்துக்கே அதிபர். ஆஸ்பத்திரிக்குத் தோடம்பழம் கொண்டுவந்தான். ஒன்று.
2. அண்ணன் அதுவும் கொண்டுவரவில்லை. வரவே இல்லை.
3. அண்ணன் மகளின் சடங்கு. பந்தல் நிறையச் சனம். மைக்கைப் பிடித்துச் சொன்னான்: "நான் மண்வெட்டி புடிச்சதாலதான் இந்தத் தம்பி பேனா புடிச்சான். என் சோத்துல படிச்சவன்!" கைதட்டல். அன்றோடு பேச்சு நின்றது.
4. அப்பா. நாளை எழுதுகிறேன்.

ஜூன் 4, செவ்வாய்

மழை. மருத்துவ லீவில் இன்னும் பத்து நாள்.

கடிதத்தின் முதல் வரி எழுதினேன்: "அப்பாவைக் கொன்றது நீ." நன்றாகத்தான் இருக்கிறது.

அன்று அப்பா மாட்டுக்குப் புல்லறுத்துவிட்டு வந்து லயத்து வீட்டு வாசலில் உட்கார்ந்தார். முதலில் இடது தாடையில் வலி என்றார். பிறகு நெஞ்சு. குளிரிலும் வேர்வை. அண்ணனுக்கு அப்போது இருபது. வீட்டுக்குப் பெரியவன் மாதிரி நின்று சொன்னான்: "கேஸுதான். காலையில தின்ன ரொட்டி செமிக்கல. இஞ்சித் தேத்தண்ணி குடுங்க, ஏப்பம் வந்தா சரியாயிரும்." தோட்டத்து லொறியைக் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. அப்பா குடித்தார். ஏப்பம் வந்தது. எல்லோரும் சிரித்தோம். பொழுது சாயுமுன் முடிந்துவிட்டது.

இந்த மலையில் யாருக்கு நெஞ்சு வலித்தாலும் அது கேஸ். இஞ்சி, ஓமம், சோடா. ஏப்பம் வந்தால் டொக்டர் வந்த மாதிரி.

காலை: கஞ்சி. பகல்: சோறு, பீட்ரூட், கீரை. பழம்: கொய்யா ஒன்று, புளிப்பு.

ஜூன் 6, வியாழன்

கொஞ்சம் வெயில். என் மனைவி புஷ்பா எல்லாத் துணியையும் ஒரே கொடியில் போட்டாள்.

பகல் லீக்ஸ். இனிக்கிறது. பூச்சி மருந்து வாடை இல்லை. "எங்க வாங்கின?" என்றேன்.

"தெரிஞ்ச எடத்துல."

"தெரிஞ்ச எடம்னா?"

"சாப்புடுங்க. வாத்தியார் வேல பாக்காம."

பஸாரில் இப்படி லீக்ஸ் கிடைக்காது. இங்கே தோட்டம் செய்கிற ஒவ்வொருவனும் இரண்டு விதமாகப் பயிரிடுகிறான். கொழும்பு லொறிக்குப் போகிற பாத்திக்கு வாரத்துக்கு வாரம் மருந்து. லயத்துக்குப் பின்னால் ஒரு சின்னப் பாத்தி, அதற்கு மருந்தே இல்லை. அது வீட்டுப் பாத்தி. அதிலிருந்து விற்பதில்லை. மற்றதிலிருந்து தின்பதில்லை. ஊர் முழுக்கத் தெரிந்த விஷயம், யாரும் வாய்விட்டுச் சொல்லமாட்டார்கள்.

அண்ணனும் அப்படித்தான். தோட்டம் கைவிட்ட தேயிலைக் காட்டைக் கொத்தி மரக்கறி போட்டுப் பத்து வருடம்.

கடிதம் இரண்டு பக்கம் ஆகிவிட்டது. எழுத எழுத நெஞ்சு லேசாகிறது. மாத்திரையைவிட நல்ல மருந்து.

ஜூன் 8, சனி

காற்று. நடக்கச் சொன்ன அரைமணி நேரம் நடந்தேன். பஸாருக்குக் கீழே கரட் கழுவும் இடம்வரை.

அண்ணன் அங்கே இருந்தான். ஒன்பது வருடத்தில் இவ்வளவு கிட்டத்தில் பார்த்ததில்லை. நரைத்துவிட்டான். கரட் மூடை மேல் உட்கார்ந்து இடது தாடையைத் தடவிக்கொண்டிருந்தான். பிறகு நெஞ்சை. முகம் சாம்பல் நிறம். நெற்றியில் வேர்வை.

லொறிக்காரன்: "என்ன வேலண்ணே, கல்யாண மாப்புள மாதிரி ஒக்காந்துட்டீங்க?"

"ஒண்ணுமில்லடா. கேஸு. தாடை வரைக்கும் இழுக்குது."

"அண்ணி சுட்ட ரொட்டிய தின்னா இழுக்கத்தான் செய்யும். அத லொறி டயருக்குப் போடலாம்."

"அவ காதுல விழுந்துச்சு, ஒன்னையும் சேத்துச் சுட்டுருவா."

சிரிப்பு. யாரோ சோடா உடைத்துக் கொடுத்தார்கள். குடித்தான். பெரிய ஏப்பம். "பாத்தியா, எறங்கிருச்சு." எழுந்து மூடையைத் தூக்கித் தோளில் வைத்தான்.

நான் லொறிக்குப் பின்னால் நின்றேன். இருபது அடி இருக்கும். போயிருக்கலாம். போகவில்லை. "வந்துட்டாருய்யா படிச்சவரு" என்பான். எல்லோரும் திரும்பிப் பார்ப்பார்கள்.

வீட்டுக்கு வரும்போது இருமுறை நின்று மூச்சு வாங்கினேன். ஏற்றம் காரணம்.

பகல் சாப்பாடு எழுத மறந்துவிட்டேன். சாப்பிட்டேனா தெரியவில்லை.

ஜூன் 9, ஞாயிறு

மழை. பின்னேரம் கோயில் ஸ்பீக்கர், பாதிப் பாட்டில் கரண்ட் போனது.

புஷ்பாவிடம் கரட் கழுவும் இடத்தில் பார்த்ததைச் சொன்னேன். முகம் மாறிவிட்டது. பிறகு எல்லாம் வெளியே வந்தது.

"இங்கருங்க, கோபப்படாதீங்க. நீங்க திங்கிற மரக்கறி பூரா ஒங்க அண்ணன் வீட்டுப் பாத்தி. நாலு மாசமா. அக்காதான் பஸ்ஸுல குடுத்து விடுறாங்க."

"அவனுக்குத் தெரியுமா?"

"அவருதான் வெட்டிக் குடுக்கிறாரு. 'வாத்தியாருக்குச் சொல்லிறாத, துப்பிருவான்'னு."

"அப்ப அவங்க என்ன திங்கிறாங்க?"

"பாத்தி சின்னதுங்க. நமக்கு வெட்டினா என்ன மிஞ்சும்? ரொட்டியும் கட்டச் சம்பலும்தான்."

"மத்தப் பாத்தியில மல மாதிரி கெடக்கே."

"மருந்தடிச்சத அவங்க வாயில வைப்பாங்களா? ஒங்களுக்குத் தெரியாததா?"

இதுதான் அவன். ஆஸ்பத்திரிக்கு வரமாட்டான். ஒரு வார்த்தை கேட்கமாட்டான். கள்ளத்தனமாக என் தட்டுக்குள் வந்து உட்கார்ந்துகொள்வான். படித்தது அவன் சோற்றில். உயிரோடு இருப்பது அவன் லீக்ஸில். அடுத்த கல்யாணத்தில் மைக் கிடைத்தால் போதும்.

நாலு மாதம் மரக்கறி தின்னாததால் ஒருவனுக்கு நெஞ்சடைப்பு வராது. நாற்பது வருட ரொட்டி, மூன்று கரண்டிச் சீனி போட்ட தேத்தண்ணி, பீடி. அப்பாவின் இரத்தம். எல்லாம் தெரியும். ஆனாலும் அவன் பங்கை நான் தின்றிருக்கிறேன். இந்தக் கொப்பியில் நாள் வாரியாக எழுதியும் வைத்திருக்கிறேன்.

இரவு: ரொட்டி மூன்று, சம்பல். வீம்புக்கு. புஷ்பா லீக்ஸைத் தட்டோடு எடுத்துப் பக்கத்து வீட்டுக்குக் கொடுத்துவிட்டு வந்து கதவைச் சாத்தினாள். அறைந்து.

ஜூன் 11, செவ்வாய்

பனி. புஷ்பா காலை பஸ்ஸில் அண்ணன் வீட்டுக்குப் போய்ப் பகலுக்குத் திரும்பினாள். நான் அனுப்பவில்லை. தடுக்கவும் இல்லை.

அண்ணியிடம் சொன்னாளாம், ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போங்கள் என்று. அண்ணன் உள்ளே இருந்தே பதில் சொன்னானாம்: "அது பெஞ்சுல ஒக்காந்து திங்கிறவனுக்கு வர்ற வியாதி. மூட தூக்குறவனுக்கு நெஞ்சு இரும்பு. நான் பூரா நாளும் மரக்கறிக்குள்ளதானே நிக்கிறேன், எனக்கென்ன? வாத்தியாரு சொல்லித்தான் வந்தியா?"

புஷ்பா இல்லை என்றாளாம். அவன் சிரித்தானாம்.

அண்ணி வாசலில் அழுதாளாம். படியேற முடியாமல் ஒரு வாரமாக நடுவில் உட்கார்ந்து போகிறானாம். தினமும் இஞ்சி இடிக்கிறாளாம்.

இஞ்சி.

எழுதாமல் விட்டதை எழுதிவிடுகிறேன். அன்று அப்பாவுக்குச் சொன்னது அண்ணன். இடித்தது நான். எனக்குப் பதினாறு வயது. சுகாதாரப் புத்தகத்தில் இதயப் பாடம் முடித்திருந்தேன், படம் கீறி நிறமும் அடித்திருந்தேன். இடது தாடை என்றதும் எனக்கு ஒரு நிமிடம் சந்தேகம் வந்தது. வாயைத் திறக்கவில்லை. பெப்ரவரியில் எனக்கு வலித்தபோதும் நான் கேட்டது இஞ்சித் தேத்தண்ணிதான். புஷ்பா கேட்காமல் த்ரீவீலர் பிடித்தாள்.

மூன்று பக்கக் கடிதத்தைக் கிழித்து அடுப்பில் போட்டேன். ஈரக் கடதாசி, புகைந்தது.

பகல்: சோறு, லீக்ஸ். புஷ்பா கொண்டுவந்திருக்கிறாள், மறுபடியும் ஒரு பை. தின்றேன்.

ஜூன் 12, புதன்

விடியும் முன்பே மழை விட்டுவிட்டது.

புதுக் கடிதம். அரைப் பக்கம். என் பெயரில் போனால் மடித்து ரொட்டிக் கல் துடைப்பான். மொட்டைப் பெட்டிசம் என்றால் வேறு. தோட்டத்தில் பெயர் போட்ட கடிதத்துக்கு எவனும் பயந்ததில்லை. பெயரில்லாத பெட்டிசத்துக்குத் துரையே தூக்கம் கெட்டதைப் பார்த்திருக்கிறோம். அண்ணனும் ஒரு தடவை அதில் மாட்டி ஆறு மாதம் தன் நிழலுக்கே பயந்து நடந்தவன்.

எழுதியது:

"வேலு அறிவது. நீர் சனிக்கிழமை சோடா குடித்ததைப் பார்த்தவர்கள் உண்டு. அது கேஸ் அல்ல. ஏப்பம் வந்தாலும் அல்ல. உடனே நுவரெலியா ஆஸ்பத்திரிக்குப் போய் ஈ.சி.ஜி. எடுக்கவும். நாள் கடத்தக் கூடாது. வீட்டுப் பாத்தியை அடுத்தவனுக்குக் கொடுத்துவிட்டு ரொட்டி தின்பது புண்ணியம் அல்ல, முட்டாள்தனம். அடுத்தவனுக்குப் பஸாரில் மரக்கறி கிடைக்கும். இனி அந்த லீக்ஸை நீர் தின்னும். ஆனால் முதலில் டொக்டர், பிறகு லீக்ஸ். போகாவிட்டால் மேலிடத்துக்கு அறிவிக்கப்படும். உமது தகப்பனாருக்கும் முதலில் இடது தாடையில்தான் வலித்தது."

எந்த மேலிடம் என்று எனக்கும் தெரியாது. 'நீர்' என்று போட்டது நல்லது. முதன்முதலாக அவனுக்கு மரியாதை.

எழுத்தை மாற்றிச் சாய்த்து எழுதியிருக்கிறேன். லயத்து விலாசம் போட்டால் கடிதம் தோட்ட ஒப்பிஸ் பெட்டியில் கிடந்து மக்கும். ஆகவே கரட் கழுவும் இடத்து விலாசம், முதலாளி மூலமாக.

போனில் நம்பர் இருக்கிறது. பஸ்ஸில் இருபது நிமிடம். தெரியும். முடியவில்லை.

கடைசி வரியை அடித்துவிடலாமா என்று ஒரு மணி நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். தாடை விஷயம் தெரிந்த ஆட்கள் இன்று இரண்டு பேர்தான். படித்ததும் கண்டுபிடித்துவிடுவான். சிரிப்பான். சிரித்துவிட்டுப் போகட்டும், ஆஸ்பத்திரிக்கு.

அடிக்கவில்லை. பெயரும் போடவில்லை. தபால் கந்தோர் எட்டரைக்குத் திறக்கும். போட்டால் வெள்ளிக்கிழமை அவன் கையில். அதுவரை தாங்குவான், எருமை. போடப்போகிறேன்.