அம்மாவுக்கு ஒரு வசனம்

என்னங்க,

கோவிச்சுக்கிட்டு உங்க தம்பி வீட்டுல போய் உட்கார்ந்துட்டா நான் பயந்துடுவேன்னு நினைச்சீங்களா? எங்க நாடக சங்கத்துக்குப் புது நாடகங்களைச் சிபாரிசு பண்றது என் பொறுப்பு. வந்ததுலயே நல்லது நம்ம பொண்ணு எழுதினதுதான். அதைச் சொன்னேன். இனியும் சொல்வேன்.

"வீட்டு விஷயத்தை மேடை ஏத்துறா"ன்னு குதிச்சீங்களே, அதை முழுசாப் படிச்சீங்களா?

சிபாரிசு பண்றவங்களே குழு முன்னாடி வாசிச்சுக் காட்டணும்ங்கிறது எங்க வழக்கம். நாடகத்துல அப்பா பேசிக்கிட்டே இருக்கார். நடுவுல நடுவுல, "அம்மா பேசாமல் தட்டை எடுக்கிறாள்"னு வருது. எல்லாரும் சிரிச்சாங்க. நான் மட்டும் சிரிக்காம அடுத்த வரியை வாசிச்சேன்.

"இந்த அம்மாவுக்கு வாயே இல்லையா? நம்புற மாதிரி இல்லையே"ன்னார் செயலாளர்.

"நான் நம்புறேன்"னேன். அந்த நாடகத்தையே எடுத்துக்கிட்டாங்க.

அந்த அம்மா வேஷம் நான்தான் போடுறேன். கடைசிக் காட்சியில எனக்கு ஒரே ஒரு வசனம் வேணும்னு பொண்ணுகிட்ட கேட்டேன். "நீயே எழுதும்மா"ன்னா. எழுதிட்டேன்.

அது என்னன்னு இதுல சொல்ல மாட்டேன். முன்வரிசையில உங்களுக்கு இடம் போட்டு வச்சிருக்கேன். வந்து கேளுங்க. அன்னைக்கு நீங்க குறுக்கே பேச முடியாது.

இப்படிக்கு,
தட்டை எடுக்கிறவள்