றவுட்டருக்கு ஞாபகம் கூட்டினது

2004 ஜனவரி 11, ஞாயிறு

பூசை முடிந்ததும் சனம் நேரே இங்கேதான் வருகிறது. மீனவர் சங்கக் கட்டிடத்துக் கூரையில் அந்தத் தட்டு அன்ரனாவைப் பூட்டிய நாளிலிருந்து, ஞாயிறு என்றால் முல்லைத்தீவில் பாதிப் பேருக்கு வெளிநாட்டில் இருக்கிற பிள்ளைகளோடு கதை. ஆறு கொம்பியூட்டர், பார்ப்பதற்கு நான் ஒருத்தி. நாலு பேர் கதைக்கும்வரை பிரச்சினை இல்லை. ஐந்தாவது ஆள் "ஹலோ" என்றால் றவுட்டர் விழுந்துவிடும். வானத்திலிருந்து வரும் நெற்றை ஆறு மெஷினுக்கும் பிரித்துக் கொடுக்கிற சின்னப் பெட்டி அது, அரை றாத்தல் பாண் அளவும் இல்லை. விளக்கெல்லாம் அணையும். நான் வயரைப் பிடுங்கி, கொஞ்சம் பொறுத்து, திரும்பக் கொழுவ வேண்டும். அதுவரைக்கும் எல்லாரும் என்னையே பார்ப்பார்கள்.

தங்கம்மாக்கா இன்று சொன்னா: "மகள் லண்டனில அழுதுகொண்டிருக்கேக்க அறுத்துப்போட்டியே, பிள்ளை."

நானா அறுத்தேன்?

ஜனவரி 18, ஞாயிறு

சிரிப்பும் வருகுது, வயிறும் எரியுது.

அம்மா ஒரு வருசமாகப் பேசிக்கொண்டிருக்கிற சம்பந்தம் யதுசன். சுவிஸில் தமக்கை வீட்டில் இருக்கிறார். படத்தில் யாருடையதோ காருக்குப் பக்கத்தில் நிற்கிறார். கெட்ட மனிசர் மாதிரித் தெரியவில்லை. ஆனால் எனக்கு வேண்டாம். மனதில் வேறொருவரும் இல்லை. எனக்கு இங்கே இருக்கவேண்டும், அவ்வளவுதான். அம்மாவிடம் சொன்னால், "அதை நீயே அவரிட்டச் சொல்லு, எனக்கு நாக்கு வராது" என்றா. சரி, சொல்லுவோம் என்று இருந்தேன்.

இன்று அவர் மரியாதையாகத்தான் கேட்டார். "ஜெயரூபினி, உமக்கு இதில விருப்பமோ?"

நான் சொன்னனான்: "எனக்கு விருப்பம் இல்லை."

"விருப்பம்" வரைக்கும் போயிருக்கிறது. அந்த நேரம் பார்த்து ஐந்தாவது கதிரையில் சங்கத் தலைவர் கிறகோரி மாமா, "ஹலோ மகன்" என்றார். விளக்கெல்லாம் செத்தது.

திரும்பக் கொழுவியபோது சுவிஸில் ஒருவரும் இல்லை.

ஜனவரி 19

தொலைபேசிக் கடைக்கு சுவிஸிலிருந்து அழைப்பு வந்ததாம். கடைக்காரர் சைக்கிளில் வந்து அம்மாவைக் கூட்டிக்கொண்டு போனார். அம்மா திரும்பி வந்து நேரே குசினிக்குள் போய்ப் பயறு வறுக்கத் தொடங்கிவிட்டா. பின்னேரம் அயல் முழுக்கப் பயத்தம் உருண்டை.

"நான் இல்லை எண்டுதான் சொன்னனான், அம்மா."

"விருப்பம் எண்டு சொன்னதாம். தமக்கைக்காரியும் பக்கத்தில நிண்டு கேட்டவவாம்."

"அதுக்குப் பிறகு இன்னொரு சொல்லு இருந்தது."

"வாயால சொல்லிப்போட்டு மெஷினில பழியைப் போடாதை."

என்ன செய்ய. எங்கள் பாசையில் மறுப்பு கடைசியிலதானே வருது.

ஜனவரி 23

விருப்பம் இல்லை என்று ஈமெயில் எழுதினேன், ஒரே வரியில். அவருக்கென்று தனி முகவரி இல்லை, தமக்கையின் முகவரிதான். பதிலும் அவவிடமிருந்தே வந்தது: "தங்கச்சியின் வெட்கம் எங்களுக்கு விளங்கும். உயிர்த்த ஞாயிறுக்குப் பிறகு கொழும்பில் மண்டபம் பார்க்கிறோம்."

ஜனவரி 25, ஞாயிறு

இந்தமுறை யோசித்துக்கொண்டு போனேன். என்ன கேட்டாலும் "இல்லை"யை முதலில் போடுவது. பிறகு அறுந்தால் அறுந்துபோகட்டும். கிறகோரி மாமாவிடமும் கும்பிடாத குறையாகச் சொன்னேன், கொஞ்சம் பொறுத்து இருங்கோ என்று. "சங்கக் கதிரையில சங்கத் தலைவர் இருக்கேலாதோ?" என்று கேட்டார். பிறகு என்னத்தைச் சொல்ல.

யதுசன் வந்தார். சுகம் விசாரித்தார். பனி என்றார். பிறகு கேட்டார்:

"கலியாணத்தைக் கெதியா வைக்கிறதில உமக்கு ஏதும் தடை இருக்கோ?"

நான்: "இல்லை, எனக்கு —"

விளக்கெல்லாம் செத்தது.

தங்கம்மாக்கா தண்ணி கொண்டுவந்து தந்தா.

ஜனவரி 29

சனம் இல்லாத நேரத்தில் நெற்றில் தேடினேன். றவுட்டருக்கு ஞாபகம், அதாவது மெமரி, காணாதாம். ஒவ்வொரு குரலையும் எங்கே அனுப்புவது என்று அது நினைவில் வைத்திருக்க வேண்டும். ஐந்தாவது குரல் வந்ததும் நினைவு நிரம்பிவிடுகிறது. உள்ளே இருக்கிற சின்னச் சிப்பைக் கழற்றி, பெரிதாக ஒன்றைப் பற்றவைத்தால் சரிவருமாம்.

தொலைபேசிக் கடையிலிருந்து சுவிஸ் எடுக்க என்னிடம் காசு இல்லை. யதுசனுக்கு ஞாயிறு மட்டும்தான் லீவு. சனத்துக்கும் ஞாயிறுதான். ஆகவே சிப்பை மாற்றத்தான் வேண்டும்.

பெப்ரவரி 1, ஞாயிறு

சங்கத்துப் பெட்டி என்றபடியால் கூட்டம் வைக்கவேண்டி வந்தது. "றவுட்டருக்கு ஞாபகம் கூட்டவேணும்" என்றேன். அந்த ஒரு சொல்லோடு எல்லாம் பிழையாய்ப் போனது.

கிறகோரி மாமா கேட்டார்: "அப்ப இவ்வளவு நாளும் நாங்கள் கதைச்சது அதுக்கு ஞாபகம் இருக்கோ?"

இல்லை, மாமா. உடனே மறந்துவிடும்.

"இனிக் கூட்டினா?"

அப்பவும் மறந்துவிடும்.

"மறக்கிறதுக்கு ஏன் பிள்ளை ஞாபகம் கூட்டுவான்?"

ஒரு மணித்தியாலம் போனது. தமையனின் காணியைப் பற்றி மகனோடு கதைத்தது வெளியே வந்துவிடுமோ என்று மாமாவுக்குப் பயம். எல்லாருக்கும் அப்படி ஏதோ ஒன்று இருக்கிறது. கடைசியில் ஏகமனதாகத் தீர்மானித்தார்கள்: ஞாபகம் கூட்டலாம். ஆனால் றவுட்டர் கேட்டதை ஒருவருக்கும் சொல்லக்கூடாது. அதற்கு நான் பொறுப்பு.

பெப்ரவரி 3

தங்கம்மாக்கா ஒரு கிண்ணத்தில் வல்லாரைச் சம்பல் கொண்டுவந்து றவுட்டருக்குப் பக்கத்தில் வைத்தா. "அதுக்கில்லை பிள்ளை, உனக்கு. நீயும் அதோடதானே கிடக்கிறாய்." நல்ல ருசி.

பெப்ரவரி 5

பக்கீர் நானாவிடம் போனேன். புத்தளத்தில் இடம்பெயர்ந்து இருந்துவிட்டு, போன வருசம் திரும்பி வந்து, ரேடியோ ரீவி திருத்துகிற கடையைப் பழைய இடத்திலேயே திறந்திருக்கிறார். அவருக்கு எல்லாமே சின்ன வேலை. வள்ளத்து எஞ்சினும் சின்ன வேலை, பள்ளிவாசல் ஸ்பீக்கரும் சின்ன வேலை. திருத்தின எஞ்சின் இரண்டு தரம் நடுக்கடலில் நின்றது வேறு கதை.

"சின்ன வேலை, தங்கச்சி. கொழும்புக்குச் சாமான் எடுக்கப் போறன். உங்கட சிப்பும் வரும்."

உள்ளேயிருந்து அவர் மனைவி ஜொஹறா: "அவர் சின்ன வேலை எண்டா நீங்க பயப்புடுங்க."

பெப்ரவரி 14

நானா வந்துவிட்டார். சிப் வரவில்லை. அந்தப் பக்கத்து ஆமிச் சோதனைச் சாவடியில் பிடித்துவிட்டார்களாம். நானா சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

"என்ன எண்டு கேட்டான். மெமரி எண்டேன். உள்ள என்ன இருக்கு எண்டான். ஒண்ணும் இல்ல எண்டேன். ஒண்ணும் இல்லாததையா இவ்வளவு தூரம் கொண்டு போற எண்டு பெரியவரைக் கூப்புட்டான். அவர் வந்து, இதுல ஒண்ணும் இல்ல எண்டு எப்புடித் தெரியும் எண்டார். புதுசு சேர் எண்டேன். அப்ப யாரு அதைப் பாத்தது எண்டார். ஒருத்தரும் பாக்கல்ல எண்டேன். அதோட முடிஞ்சி."

சிப்பைப் பரிசோதனைக்கு எடுத்திருக்கிறார்களாம். நானாவுக்கு மனவருத்தம். தான் சரியாகவே பதில் சொன்னதாகத்தான் நினைக்கிறார்.

பெப்ரவரி 25, விபூதிப் புதன்

நெற்றியில் சாம்பலோடு அம்மா சாறிக் கதை கதைக்கிறா. தவக்காலத்தில் கலியாணம் இல்லை. உயிர்த்த ஞாயிறு கழிந்தால் பிறகு தடையும் இல்லை. தையல்காரி அளவெடுக்க வந்தா. நான் கையை விரித்துக்கொண்டு நின்றேன். என்னத்துக்கு நின்றேன் என்று தெரியவில்லை. அழுகை வந்தது. அதையும் வெட்கம் என்று நினைத்திருப்பா.

வாயால சொன்னது ஏன் ஒருத்தருக்கும் கேக்கேல்லை?

மார்ச் 9

சிப் கிடைத்தது! நானா மூன்றாவது தரம் போய் நின்றதில், ஒரு கடிதத்தோடு கொடுத்திருக்கிறார்கள். "இதனுள் எதுவும் இல்லை" என்று முத்திரை குத்தின கடிதம்.

இந்தப் பக்கத்து இயக்கச் சாவடியில் அந்தக் கடிதத்தால் இன்னொரு வில்லங்கம். இவ்வளவு சோதித்து, முத்திரையும் குத்தி அனுப்புகிறார்கள் என்றால் உள்ளே ஏதோ வைத்துத்தானே அனுப்பியிருப்பார்கள் என்று யோசித்தார்களாம். அங்கே இருந்த பெடியன் ஒருவன் சிப்பைக் காதில் வைத்துக் கேட்டுவிட்டுத் திருப்பிக் கொடுத்திருக்கிறான்.

மார்ச் 13, சனி

பற்றவைத்தாயிற்று. நானாவின் பற்றவைக்கிற கோல் பழைய ரேடியோவுக்குச் செய்தது. முனை என் சின்னவிரல் தடிப்பு. சிப்பின் கால்களோ எறும்பின் கால் மாதிரி. முதல் தரம் சிப்பைத் திருப்பி வைத்துவிட்டார். நல்ல காலம், கரண்ட் கொடுக்கும் முன் கண்டுவிட்டேன். இரண்டாம் தரம் புகை வந்தது. "புகை வந்தா நல்லம், சூடு ஏறுது" என்றார். ஜொஹறா வந்து பார்த்துவிட்டு ஒரு வாளி தண்ணியைக் கதவடியில் வைத்துவிட்டுப் போனா.

பிறகு கோலை நான் வாங்கினேன். முனையில் செப்புக் கம்பி சுற்றி, ஒவ்வொரு காலாக. நானா பூதக்கண்ணாடியைப் பிடித்துக்கொண்டு, மூச்சு விடாதீங்க என்று மூச்சு விடாமல் சொல்லிக்கொண்டிருந்தார். இரண்டு கால்கள் ஒட்டிக்கொண்டன. பிரித்தேன். திரும்ப ஒட்டின. திரும்பப் பிரித்தேன்.

விளக்குகள் வந்தன. நானா என்னைப் பார்த்து, "பாத்தீங்களா, சின்ன வேலை" என்றார்.

மார்ச் 14, ஞாயிறு

ஐந்தாவது கதிரையில் கிறகோரி மாமா. ஆறாவதில் தங்கம்மாக்கா. எல்லாரும் ஒரே நேரம். றவுட்டர் விழவில்லை.

அது விழாததைப் பார்த்து ஒவ்வொருவராகக் கதையை நிறுத்தினார்கள். அந்த அமைதிக்குள்ளேதான் யதுசனின் குரல் வந்தது.

"மண்டபம் பாத்தாச்சு. நீர் ஏதும் சொல்லவேணுமோ?"

"எனக்கு இந்தக் கலியாணத்தில விருப்பம் இல்லை."

விளக்குகளைப் பார்த்தேன். எல்லாம் நல்லா எரியுது.

"திரும்பச் சொல்லும்?"

"விருப்பம் இல்லை. முதலும் அதைத்தான் சொன்னனான். ரெண்டு தரமும் அறுந்துபோச்சு."

பிறகு, "சரி. சொன்னது நல்லது" என்றார். குரல் உடைந்துதான் இருந்தது. எனக்கும் ஏதாவது நல்லதாகச் சொல்லவேண்டும் போல இருந்தது. "உங்களில பிழை ஒண்டும் இல்லை" என்றேன். அது இன்னும் மோசம்.

அதற்குள் தமக்கை மைக்கை வாங்கிவிட்டா. இங்கே அம்மா என் கதிரைக்கு வந்துவிட்டா. மகளை ஒழுங்காக வளர்க்கவில்லை என்று அங்கே. தம்பிக்காரன் காரைக் காட்டி ஏமாத்தினவர் என்று இங்கே. இந்தச் சங்கக் கட்டிடத்தில் முதன்முதலாக ஒரு சண்டை தொடக்கத்திலிருந்து முடிவுவரை அறாமல் நடந்தது. ஒவ்வொரு சொல்லும் மணி மாதிரிக் கேட்டது.

மார்ச் 18

அம்மா என்னோடு கதைப்பதில்லை. சோறு மட்டும் வரும்.

மார்ச் 28, ஞாயிறு

கிறகோரி மாமா தனியாகக் கூப்பிட்டார். "பிள்ளை, முந்தி மாதிரி இடைக்கிடை அறுக்க ஏலாதோ?"

ஏன் மாமா?

"முந்தி அறுமுன்னம் சொல்லிப்போடவேணும் எண்டு எல்லாம் சொல்லுவன். இப்ப அவன் அங்க இருக்கிறான், நான் இங்க இருக்கிறன். என்ன சாப்பிட்டாய் எண்டு நாலு தரம் கேட்டாச்சு. எழும்பவும் மனம் வருகுதில்லை."

தங்கம்மாக்காவுக்கு வேறு கரைச்சல். மகள் எப்போது லண்டனுக்கு வருகிறீர்கள் என்று கேட்கும்போதெல்லாம் அறுந்துவிடுமாம். இப்போது அறுவதில்லை. பதில் சொல்லவேண்டியிருக்கிறதாம்.

சங்கத்துக்குள்ளே ஞாபகத்தைக் குறைக்கச் சொல்லி ஒரு கதை அடிபடுகிறது. கழற்ற மாட்டேன் என்று சொல்லிவிட்டேன். என் கையால் பற்றவைத்தது.

ஏப்ரல் 4, குருத்து ஞாயிறு

இணக்கம் வந்தாயிற்று. யாராவது என்னைப் பார்த்து மூக்கைச் சொறிந்தால், அந்த மெஷினின் வயரை மட்டும் மெல்ல இழுத்துவிடுவேன். இன்று மூன்று பேர் சொறிந்தார்கள். கிறகோரி மாமா அறுந்ததும் "சீ, என்ன மெஷின்" என்று உரக்கச் சொல்லிவிட்டு, சந்தோசமாக வீட்டுக்குப் போனார்.

ஏப்ரல் 18, ஞாயிறு

அம்மா எங்கள் நெற் நிலையத்துக்கு வந்தா. என்னைப் பார்க்கவில்லை. மூலைக் கதிரையைக் காட்டி, தங்கம்மாக்காவிடம், "சுவிஸை எடுத்துத் தரச் சொல்லு" என்றா. போன மாதம் சொல்ல மறந்த சில விசயம் இருக்காம். எடுத்துக் கொடுத்தேன். தமக்கையும் ஆயத்தமாகத்தான் இருந்தா.

மே 2, ஞாயிறு

திரும்பவும் வந்தா. இருவரும் சத்தமாகத் தொடங்கினார்கள். கொஞ்ச நேரத்தால் எட்டிப் பார்த்தால், சுவிஸில் றால் எப்படிக் கிடைக்கும், உறைந்த றாலில் மணம் போக என்ன செய்வது என்று போகிறது. அம்மா மூக்கைச் சொறிவாவோ என்று பார்த்துக்கொண்டிருந்தேன். கடைசியாக எழும்பினது அவாதான்.

மே 23, ஞாயிறு

வற்றாப்பளை அம்மன் கோயில் பொங்கல் வருகிறது என்று பஸ்களில் சனம். நிலையத்தில் வழமையைவிடக் குறைவு. அம்மா மட்டும் நேரத்துக்கு வந்துவிட்டா. யதுசனுக்கு வேறு இடத்தில் பொம்பிளை பார்த்திருக்கிறார்களாம். "படத்தை அனுப்புங்கோ, நான் பாத்துச் சொல்லுறன்" என்று மைக்கில் சொன்னது எனக்குக் கேட்டது.

பூட்டிக்கொண்டு வெளியே வந்தபோது அம்மா வாசலில் நின்றா. இரண்டு மாதத்துக்குப் பிறகு சேர்ந்து நடந்தோம்.

பாலத்தடிக்கு வந்ததும், என்னைப் பார்க்காமல், "யதுசனுக்குப் பாத்தது நல்ல பிள்ளையாம். ஓம் எண்டு சொல்லிப்போட்டுதாம்" என்றா.

நல்லது என்றேன்.

"நான் தமக்கைக்காரியிட்டக் கேட்டனான், அந்தப் பிள்ளை கடைசிச் சொல்லு வரைக்கும் சொல்லி முடிச்சதோ, நீங்கள் பொறுத்துக் கேட்டனீங்களோ எண்டு."