அப்பா செலவழித்த பிறந்தநாள் நாணயம்

என் ஆசை அப்பாவுக்கு,

நீங்கள் போய் ஒன்பது மாதமாகிறது. உங்கள் கதிரை இன்னும் ஜன்னல் பக்கமே இருக்கிறது. அதை நகர்த்த எனக்குத் துணிவு வரவில்லை. உங்களிடம் ஒன்று சொல்ல வேண்டும். கடைசி மாதங்களில் உங்களுக்கு எல்லாம் கலங்கிப் போயிருந்ததால், முதலிலிருந்தே சொல்கிறேன்.

இங்கே லண்டனில் இருக்கும் ராணிக்கும் உங்களுக்கும் ஒரே வருடத்தில்தான் எண்பது வயதானது. கேஸ் பில் கட்டத் தபாற்கந்தோருக்குப் போனபோது, அவருடைய பிறந்தநாளுக்கென்று அடித்த ஐந்து பவுண் நாணயத்தை அங்கே விற்றுக்கொண்டிருந்தார்கள். ஒன்றை வாங்கிவந்து உங்கள் பிறந்தநாளன்று கையில் வைத்தேன். நீங்கள் கண்ணாடியைப் போட்டு, எக்காளங்களுக்கு நடுவே இருந்த எழுத்தை வாசித்தீர்கள். விவாத் ரெஜினா. ராணி வாழ்க என்று பொருள். சின்ன வயதில் கத்தோலிக்கக் கோயிலில் பூசைக்கு உதவியவர் அல்லவா, லத்தீன் மறக்கவில்லை.

“ரெஜினா வாழ்க எண்டு கிடக்கு பிள்ளை. ராணிக்கெண்டு நினைச்சு உன்ர பேரை அடிச்சிட்டாங்கள்” என்று சிரித்தீர்கள். பிறகு, “இது செல்லுமோ?” என்று கேட்டீர்கள்.

“ஓம் அப்பா, ஐஞ்சு பவுண் காசுதான். கடையிலை குடுத்தால் எடுக்கத்தான் வேணும்.”

யோசிக்காமல் சொன்ன பதில் அது.

அடுத்த வருடம், எங்கள் ஊர் மன்னாரில் காலை வேலைக்கென்று மோட்டார்சைக்கிளில் புறப்பட்ட தம்பி யூட் திரும்பி வரவில்லை. யார் கொண்டுபோனார்கள், எங்கே கொண்டுபோனார்கள், ஒருவருக்கும் தெரியாது. உங்கள் மறதியும் அதோடுதான் தொடங்கியது. எல்லாம் மறந்தது, அவனுடைய கைத்தொலைபேசி நம்பர் மட்டும் மறக்கவில்லை. வெளிநாட்டுக்கு எடுக்கும் ஐந்து பவுண் ரெலிபோன் கார்ட்டுகளை வாங்கி வாங்கி, மறைத்திருக்கும் எண்ணைச் சுரண்டி, நாள் முழுக்க அடித்துக்கொண்டிருந்தீர்கள். அந்த நம்பர் பாவனையில் இல்லை என்று ஒரு பெண் குரல் மூன்று மொழியில் சொல்லும். நீங்கள் அவளுக்குப் பதில் சொல்வீர்கள். அன்றைக்குச் சாப்பிட மாட்டீர்கள்.

அதனால்தான் கார்ட்டுகளை ஒளித்தேன். வீட்டுப் போனிலிருந்து வெளிநாட்டுக்கு எடுக்க முடியாதபடி செய்தேன். கார்ட் வாங்கக் காசு இருக்கக் கூடாதென்று உங்கள் பர்ஸையும் எடுத்து வைத்தேன். உங்கள் நன்மைக்குத்தான் என்று நினைத்தேன் அப்பா. அலுமாரியில் இருந்த அந்த நாணயத்தை நான் காசாகவே எண்ணவில்லை.

மாசி மாதத்தில் ஒரு நாள், காலை ஷிப்ட் முடிந்து வந்தபோது கதவு திறந்து கிடந்தது. மேசையில் நாணயத்தின் பிளாஸ்டிக் உறை மட்டும் இருந்தது. உங்கள் மேலங்கி ஆணியிலேயே தொங்கியது. ரூட்டிங் முழுக்கத் தெருத்தெருவாகத் தேடினேன், கோயிலுக்கு ஓடினேன், பொலிசுக்குப் போன் அடித்தேன். பின்னேரம் ஆஸ்பத்திரியிலிருந்து அழைப்பு வந்தது. பக்கத்து ஸ்ட்ரெதமில் ஒரு பஸ் தரிப்பில் நனைந்து விறைத்துப்போய் இருந்திருக்கிறீர்கள். சட்டைப்பையில் சுரண்டிய ரெலிபோன் கார்ட் ஒன்று.

கட்டிலில் என்னைக் கண்டதும் உங்கள் முகம் எவ்வளவு தெளிவாக இருந்தது.

“தம்பியோடை கதைச்சனான்” என்றீர்கள்.

நான் பயத்தில் வந்திருந்தேன். கோபத்திலும் வந்திருந்தேன். “அப்பா, விசர்க் கதை கதையாதேங்கோ. யூட் இல்லை. செத்துப் போனான். எத்தினை தரம் சொல்லுறது?”

உண்மையில் அதை அதற்கு முன் ஒருதரம்கூட நான் சொன்னதில்லை. எனக்கே அது தெரியாது. நீங்கள் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பினீர்கள். சளி நெஞ்சில் இறங்கி ஒன்பது நாள் கிடந்தீர்கள். அந்த ஒன்பது நாளும் தம்பியின் பெயரை எடுக்கவில்லை. என் பெயரையும் எடுக்கவில்லை.

உங்களை அடக்கம் செய்து இரண்டு மாதத்துக்குப் பிறகு ஒரு பெண் போன் எடுத்தார். பிரான்சிலிருந்து வந்து ஸ்ட்ரெதமில் கடை வைத்திருப்பவர். கடைக்கு வந்த பழைய தமிழ்ப் பத்திரிகையொன்றில் உங்கள் படத்தோடு மரண அறிவித்தலைப் பார்த்திருக்கிறார். “உங்கட அப்பான்ர சாமான் ஒண்டு என்னட்டைக் கிடக்கு. ஒருக்கா வாறீங்களோ?” என்று கேட்டார்.

போனேன். மேசை லாச்சியைத் திறந்து நாணயத்தை எடுத்துத் தந்தார். வங்கியில் போட மனம் வரவில்லையாம்.

“ரூட்டிங்கிலை மூண்டு கடையிலை இதை எடுக்கேல்லையாம் அக்கா. பதக்கம், வீட்டிலை வையுங்கோ எண்டு சொல்லி அனுப்பிப் போட்டினமாம். என்ர மகள் செல்லும் எண்டு சொன்னவள், அவள் பொய் சொல்ல மாட்டாள் எண்டு ஐயா என்னோடை வாதாடினார். அதாலைதான் கார்ட்டைக் குடுத்தன்.”

அவர் தொடர்ந்தார்.

“கண் தெரியேல்லை, அடிச்சுத் தா பிள்ளை எண்டார். அவர் சொல்லச் சொல்ல நான்தான் கடைப் போனிலை நம்பரை அடிச்சனான்.”

“மணி அடிச்சதோ?”

“ஓம். ஆரோ எடுத்தவை. ஆம்பிளைக் குரல்.”

“என்ன கதைச்சவர்?”

“சாப்பிட்டியோ எண்டு கேட்டார். திருப்பித் திருப்பி அதைத்தான் கேட்டார். அங்காலை நிண்டவரும் பதில் சொல்லிக்கொண்டுதான் இருந்தவர், என்ன சொன்னவரெண்டு எனக்கு விளங்கேல்லை. பிறகு ஐயா, கவனமடா, அக்காவுக்குச் சொல்லுறன் எண்டு சொல்லி வைச்சார். தேத்தண்ணி குடியுங்கோ, காரிலை கொண்டுபோய் விடுறன் எண்டன். சனம் வந்திட்டுது. திரும்பிப் பார்க்க ஆளைக் காணேல்லை.”

என்ன நம்பர் என்று கேட்டேன். அவருக்கு நினைவில்லை. வீட்டுக்கு வந்து, ஆஸ்பத்திரியில் தந்த உங்கள் சாமான்களுக்குள்ளிருந்து அந்தக் கார்ட்டை எடுத்து, அதிலிருந்த எண்ணை அடித்துப் பார்த்தேன். ஒரு குரல் மிச்ச நிமிடங்களைச் சொன்னது. பதினொரு நிமிடம் குறைந்திருந்தது. தம்பியின் நம்பரை அடித்தேன். அதே பெண், அதே மூன்று மொழி.

அப்படியென்றால் யாரோடு கதைத்தீர்கள் அப்பா? ஓர் இலக்கத்தை மாறிச் சொன்னீர்களா? மாறித்தான் சொன்னீர்கள் என்றால், முன்பின் தெரியாத ஒரு கிழவர் சாப்பிட்டியோ என்று கேட்க, பதினொரு நிமிடம் வைக்காமல் பதில் சொன்ன அந்த மனிதன் யார்? அவனுக்கும் எங்கேயாவது ஒரு தகப்பன் காணாமல் போயிருந்தாரா? அல்லது நீங்கள் சரியாகத்தான் சொன்னீர்களா?

ஷிப்ட் முடிந்து வரும் நாட்களில் நானும் அடிக்கத் தொடங்கினேன். தம்பியின் நம்பரில் ஒவ்வொரு இலக்கமாக மாற்றி மாற்றி. சிலர் சிங்களத்தில் ஏசினார்கள். ஒரு குழந்தை எடுத்து மூச்சு விட்டுக்கொண்டே நின்றது. ஒருமுறை ஒருவர் எடுத்து, “ஆர்?” என்றார். லண்டனிலிருந்து வயதான ஒருவர் எடுத்தவரோ என்று கேட்டேன். “நீங்கள் ஆரைத் தேடுறியள்?” என்று கேட்டார். தம்பியின் பெயரைச் சொன்னேன். தொடர்பு அறுந்தது. அதற்குப் பிறகு அந்த நம்பரில் மணி மட்டும்தான் அடிக்கிறது.

உங்களைப் போலவே நானும் அந்த நாட்களில் சாப்பிடுவதில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை கார்த்திகை மாதப் பூசை. குடும்பத்தில் இறந்தவர்களின் பெயர்களை எழுதித்தரச் சொல்லிக் கோயிலில் தாள் கொடுத்தார்கள். உங்கள் பெயரை எழுதினேன். அம்மாவின் பெயரை எழுதினேன். மூன்றாவது வரியில் தம்பியின் பெயரை எழுதத் தொடங்கினேன். முதல் எழுத்தோடு நிறுத்தி, அதை வெட்டினேன். பாதர் வாசிக்கும்போது உங்களுக்காக எழுந்து நின்றேன், அம்மாவுக்காக நின்றேன். பிறகு எல்லோரும் நின்றுகொண்டிருக்க, நான் மட்டும் உட்கார்ந்துவிட்டேன்.

அவன் இருக்கிறான் என்று உங்களுக்குச் சொல்ல என்னால் ஏலாது அப்பா. ஆஸ்பத்திரியில் சொன்னதை மட்டும் திருப்பி எடுக்கிறேன். அவன் எங்கே என்று கண்ணால் கண்டு வந்து ஒருவர் எனக்குச் சொல்லும்வரை, நான் உயிரோடிருக்கும் எந்தக் கார்த்திகையிலும் அவன் பெயர் அந்தத் தாளில் ஏறாது. இது உங்களுக்கு நான் தரும் வாக்கு.

யூட்டின் அக்கா,
உங்கள் மகள்
ரெஜினா