பாக்கெட்டில் காலிஃப்ளவர், உள்ளே டர்னிப்

அறைத்தோழரும் அருமை எதிரியுமான என் சித்தப்பாவுக்கு,

முதலில் ஒரு முக்கிய அறிவிப்பு. எழுந்து நின்று கேட்கவும். நியூ ஜெர்சி மாநிலம், பிளெய்ன்ஸ்பரோ, நம் அபார்ட்மென்டின் இரண்டாம் மாடி பால்கனியில், இவ்வீட்டின் ஒரே வாரிசாகிய நான், ஒரு சிட்டிகை ரசாயன உரமும் சேர்க்காமல், காய்கறித் தோலையும் டீத்தூளையும் மட்க வைத்துப் போட்டு, டர்னிப் கிழங்கு விளைவித்திருக்கிறேன். எண்ணிக்கை: ஒன்று. அளவு: என் முஷ்டி. அம்மாவின் எடை பார்க்கும் மெஷினில் வைத்தேன். மரியாதைக்குக்கூட முள் நகரவில்லை.

"சாம்பார்ல போட்டுடவாடா?" என்று அம்மா கேட்டாள். இது காட்சிப்பொருள் என்று சொல்லி ஃப்ரிட்ஜுக்கு மேலே வைத்துவிட்டேன். அப்பா அதைப் பார்த்தார், அறைக்குள் போய்விட்டார். டர்னிப் என்றால் அவருக்கு உங்கள் ஞாபகம்.

தமிழ்ச் சங்கத்தின் கோடை மலருக்கு உங்களைப் பற்றி எழுதச் சொன்னது ஞானராஜ் அங்கிள். "ரெண்டே பக்கம் போதும் எட்வின். சித்தப்பா பத்தி நல்லதா நாலு வார்த்தை." நல்லது நாலு வார்த்தையில் முடிந்துவிடும் சித்தப்பா. மீதி இடத்தை என் கெட்டதை வைத்துத்தான் நிரப்ப வேண்டியிருக்கிறது. மலரை முதலில் படித்துப் பிழை திருத்துகிறவர் அப்பா. அப்பா, இந்த இடத்தில் பேனாவைக் கீழே வைத்துவிடுங்கள். இது பேனாவால் திருத்துகிற பிழை இல்லை.

உங்களுக்குத் தெரிந்த கதையை மற்றவர்களுக்காக ஒரு தடவை சொல்லிவிடுகிறேன், கோபிக்காதீர்கள். அப்பாவின் கடைசித் தம்பி நீங்கள். நாகர்கோவிலிலிருந்து விவசாயம் படிக்க வந்து, மூன்று வருஷம் என் அறையில் இருந்தீர்கள். எனக்கு மேல் படுக்கை, உங்களுக்குக் கீழ் படுக்கை. என்னை 'எட்டு' என்று கூப்பிட்டீர்கள். பேரிலும் எட்டு, கணக்கு மார்க்கிலும் எட்டு என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் விளக்கமும் சொன்னீர்கள்.

நமக்குள் ஒரு விளையாட்டு இருந்தது. உறை ஒன்று, உள்ளே வேறொன்று. என் சீரியல் டப்பாவில் நீங்கள் பொரியைக் கொட்டி வைப்பீர்கள். உங்கள் ஷாம்பூ பாட்டிலில் நான் பாத்திரம் கழுவுகிற சோப்பை ஊற்றுவேன். இளையராஜா என்று எழுதிய கேசட்டைப் போட்டால் ஞானராஜ் அங்கிளின் பிரசங்கம் ஓடும். (மன்னிக்கவும் அங்கிள். அது நான்.) சட்டம் ஒன்றே ஒன்றுதான். ஏமாந்தவர் "யாருடா?" என்று கேட்டால், செய்தவர் கையைத் தூக்கிவிட வேண்டும். தூக்கிவிட்டால் சிரிப்போடு சரி. மறைத்தால் ஆட்டமே கிடையாது.

படிப்பு முடிந்ததும் எல்லா அங்கிள்களும் வேலைக்கு அப்ளை பண்ணு, கிரீன் கார்டுக்கு ஃபைல் பண்ணு என்று சொல்ல, நீங்கள் நேபாளத்துக்குப் போனீர்கள். பஸ் நிற்கிற இடத்திலிருந்து ஒரு நாள் நடை. மலையைப் படிகளாக வெட்டின வயல்கள். ஒரு வீட்டுக்கு ஐந்தாறு படி, ஒவ்வொன்றும் நம் கார் நிறுத்துகிற இடத்தைவிடக் கொஞ்சம் அகலம். கீழேயிருந்து முதுகில் சுமந்துகொண்டு வந்த ரசாயன உர மூட்டையால் மண் செங்கல் மாதிரி இறுகிப் போயிருந்தது என்று எழுதினீர்கள். பதினோரு வீட்டுக்காரர்களை உட்கார வைத்து, ஒரே ஒரு பருவம் மூட்டை இல்லாமல் செய்து பார்க்கலாம் என்று கேட்டீர்கள். சாணம், மட்கின இலை, பூச்சிக்கு மாட்டு மூத்திரத்தில் ஊறின செந்தட்டி இலை. அந்த நாற்றம் ஏரோகிராம் கடிதத்திலேயே வந்தது சித்தப்பா.

அந்தப் பதினோரு வீட்டை நான் ஒழுங்காகப் படிக்கவில்லை. நாற்றம் பற்றின வரியை மட்டும் அம்மாவுக்குப் படித்துக் காட்டிச் சிரித்தேன்.

அடுத்த கடிதத்தில் காலிஃப்ளவர் விதை கேட்டீர்கள். கடை விதையில் ரோஸ் கலரில் பூச்சி மருந்துப் பொடி தடவியிருக்கும், அது வேண்டாம். நீங்கள் காலேஜ் நாளில் விதை வாங்கின மிஸஸ் பெக்கிடம் வாங்கி அனுப்பு என்று எழுதியிருந்தீர்கள். பத்து நிமிஷ டிரைவில் தனியாகத் தோட்டம் வைத்திருக்கிற அம்மா அவர். தானே விதை எடுத்து, பழுப்பு உறையில் போட்டு, பென்சிலால் பேர் எழுதிக் கொடுப்பார். அப்பா கூட்டிப் போனார். காலிஃப்ளவர் வாங்கினோம். பக்கத்தில் டர்னிப் உறை இருந்தது, அதையும் ஒன்று கேட்டு வாங்கினேன்.

வீட்டுக்கு வந்து இரண்டையும் தட்டில் கொட்டிப் பார்த்தேன். இரண்டும் கடுகு மாதிரி. எது எது என்று எனக்கே தெரியவில்லை. அந்தச் சந்தோஷத்தில்தான் மாற்றினேன். காலிஃப்ளவர் உறைக்குள் டர்னிப் விதை. காலிஃப்ளவர் விதையை ஒரு ஃபிலிம் டப்பாவில் போட்டு மேஜைக்குள் ஒளித்து வைத்தேன். நீங்கள் வாசலில் ஒரு தொட்டியில் போட்டு, வந்ததைப் பார்த்து, "எட்டு வேலையைக் காட்டிட்டான்" என்று சிரிப்பீர்கள் என்று நினைத்தேன். நிஜமாகவே அப்படித்தான் நினைத்தேன்.

நீங்கள் பதினோரு வீட்டுக்கும் நாற்று விட்டீர்கள்.

ஒரு மாதம் கழித்து, அந்த வீட்டுக்காரர்களில் ஒருவரான மாயா தீதி இலையைத் தடவிப் பார்த்தாராமே. தீதி என்றால் அங்கே அக்கா. "தம்பி, இது சொரசொரன்னு இருக்கு. காலிஃப்ளவர் இலை வழவழன்னுதானே இருக்கும்?" அதற்கு நீங்கள் சொன்ன பதிலையும் எழுதியிருந்தீர்கள். "இல்ல தீதி, உறையில எழுதியிருக்கு பாருங்க. அனுப்பினது என் அண்ணன் பையன்." பிறந்ததிலிருந்து மண்ணில் கை வைத்தவர் சொன்னதை விட்டுவிட்டு என்னை நம்பினீர்கள். யாராவது என்னை நம்பி இருக்கிறார்களா இதற்கு முன்னால்? நம்பிக்கைக்கு வேறு ஆளா கிடைக்கவில்லை?

நாற்றைப் பிடுங்கி நட்டால் டர்னிப்புக்குப் பிடிக்காது என்று இப்போதுதான் தெரிந்துகொண்டேன். விரல் மாதிரி, கோணல் மாணலாகத்தான் வந்தது. காலிஃப்ளவர் விதைக்கிற பருவம் தாண்டிவிட்டது. டவுன் ஹோட்டல்காரர்கள் காலிஃப்ளவர்தான் கேட்டிருந்தார்கள். கோணல் டர்னிப்பை ஒரு நாள் சுமந்து இறங்கினால் யார் வாங்குவார்? ஊர் கூடி, "யார் செஞ்ச தப்பு?" என்று கேட்டபோது நீங்கள் எழுந்து கையைத் தூக்கினீர்கள். "நான்தான். விதையை மாத்திட்டேன்."

நம் சட்டப்படி அது என் கை சித்தப்பா.

அப்புறம் எனக்கு எழுதினீர்கள். அந்த ஏரோகிராம் இப்போதும் என்னிடம் இருக்கிறது. "டேய் எட்டு, உண்மையைச் சொல்லு. யாருடா, நீயா, அந்த அம்மாவா? நீன்னா நாலு திட்டு திட்டிட்டு விட்டுடுவேன். அந்த அம்மான்னா இனிமே அவங்ககிட்ட வாங்க முடியாது. இங்க பதினோரு வீடுடா." கையைத் தூக்க அதைவிட நல்ல நேரம் எப்போது வரப் போகிறது? நான் எழுதின பதில்: "அந்த அம்மாதான். நான் நேரில் போய் நல்லா சத்தம் போட்டேன்." சத்தம் போட்டேன் என்பதையும் சேர்த்துக்கொண்டேன், கதைக்குக் காரம் போதாது என்று.

ஏழு வீடு திரும்ப மூட்டைக்குப் போனது என்று எழுதினீர்கள். அடுத்த மழைக்காலத்தில் உங்களுக்குக் காமாலை வந்தது. பிரம்புக் கூடையில் உட்கார வைத்து, மாறி மாறி முதுகில் சுமந்து கீழே இறக்கினார்களாம். அங்கே உங்களோடு வேலை செய்த தமிழ் நண்பர் அப்பாவுக்கு எழுதியிருந்தார். சுமந்தவர்களில் அந்த ஏழு வீட்டு ஆட்களும் உண்டு. ஆஸ்பத்திரிக்கு வந்து சேர்ந்தும் பலன் இல்லை. தந்தி வந்த அன்று அப்பா கார் பார்க்கிங்கில் நின்றுகொண்டே இருந்தார். நான் மேஜையைத் திறந்து அந்த ஃபிலிம் டப்பாவைக் குலுக்கிப் பார்த்தேன். சத்தம் வந்தது. உடனே மூடிவிட்டேன்.

பத்து மாதமாகக் குலுக்கவில்லை. ஆனால் இப்போது எனக்கு லைசென்ஸ் வந்துவிட்டது. போன சனிக்கிழமை அப்பாவின் காரை எடுத்துக்கொண்டு மிஸஸ் பெக் தோட்டத்துக்குப் போனேன். நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு கதவைத் தட்டினேன். முதலிலிருந்து கடைசி வரை எல்லாவற்றையும் சொன்னேன், ஒரு கமா விடாமல். அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "தைரியமான பையன்" என்று கையைக் குலுக்கினார். உங்கள் அண்ணன் மகனா கொக்கா!

மாயா தீதி வீட்டில் இன்னும் மூட்டை இல்லாமல்தான் செய்கிறார்கள் என்று உங்கள் நண்பர் எழுதியிருக்கிறார். இந்தக் கடிதத்தை அவருக்கு அனுப்பி, தீதிக்கு அவர்கள் மொழியில் படித்துக் காட்டச் சொல்லப் போகிறேன். சொரசொரப்பு என்ற இடத்தை மட்டும் இரண்டு தடவை படிக்கச் சொல்வேன். விதையை மாற்றினது நீங்கள் இல்லை என்று அந்தப் பதினோரு வீட்டுக்கும் தெரிய வேண்டும். இது என் சத்தியம். எப்போதும் நான் செய்கிற சத்தியம் மாதிரி இல்லை, நிஜமானது.

இந்த இடத்தில் கையெழுத்துப் போட்டு முடித்திருக்கலாம். முடியவில்லை. சித்தப்பா, யாருடா என்று கேளுங்கள்.

மிஸஸ் பெக்கிடம் நான் சொல்லவில்லை.

போனது நிஜம். கதவைத் தட்டினதும் நிஜம். பேரைச் சொன்னதும் அவருக்கு ஞாபகம் வந்துவிட்டது. உங்கள் கடிதத்தை எடுத்துக்கொண்டு வந்தார். என் பொய்யை நம்பி நீங்கள் அவருக்கு எழுதின கடிதம். அவர் சொன்னதைத் தமிழில் சொன்னால் இதுதான்: "உன் சித்தப்பா கோபமா எழுதலப்பா, ரொம்ப மரியாதையாத்தான் எழுதியிருந்தார். நான் இத்தனை வருஷத்துல ஒரு உறை மாத்தினதில்ல. கண்ணு போயிடுச்சு போல. இப்பல்லாம் பேர் எழுதறது என் பொண்ணுதான். நான் விதையைத் தொடறதே இல்ல." சொல்லிவிட்டுத் தன் கையைப் பார்த்துக்கொண்டார். நான் வாயைத் திறந்தேன். "தோட்டம் நல்லா இருக்கு" என்று வந்தது. அவருக்குச் சந்தோஷம். தோட்டத்துக்குள் போய் மண்ணோடு ஒரு டர்னிப்பைப் பிடுங்கி, பேப்பரில் சுற்றிக் கொடுத்தார்.

ஃப்ரிட்ஜ் மேல் இருக்கிறதே, அதுதான் இது. என் பால்கனியில் வந்தது மூன்று இலை. அதையும் அணில் தின்றுவிட்டது.

காரைத் திருப்பினேன். அவர் வாசலில் நின்றுகொண்டிருந்தார். சட்டம் ஞாபகம் வந்தது. கண்ணாடியை இறக்கி, கையை நன்றாக உயர்த்தித் தூக்கினேன். நான் டாட்டா காட்டுகிறேன் என்று நினைத்து, அவரும் கையைத் தூக்கி ஆட்டினார்.

வருகிற சனிக்கிழமை மறுபடி போகிறேன். ஃபிலிம் டப்பா இப்போதே சட்டைப் பையில் இருக்கிறது. இந்த முறை அப்பாவும் கூட வருவார். இவ்வளவு தூரம் படித்தபிறகு அவர் என்னைத் தனியாக அனுப்பமாட்டார்.

கையை இன்னும் இறக்காமல்,
உங்கள் அண்ணன் மகன்,
எட்டு