எண்ணெய் விலகும் நேரம்

ஜனவரி 6, செவ்வாய்
கோட்டைப்பட்டினத்துக்குக் கிழக்கே ஒரு சரக்குக் கப்பல் தரைதட்டி எண்ணெய் கசிகிறதாம். இனி இந்த ஆலங்குடி வீட்டுச் சாப்பாட்டு மேசைதான் எனக்கு ஆபீஸ். காற்று, நீரோட்டம், எண்ணெயின் தடிமன் - இதையெல்லாம் கொடுத்தால், கறை எந்த நேரத்தில் எங்கே இருக்கும் என்று கம்ப்யூட்டர் வரைபடம் போட்டுத் தரும். சென்னை ஆபீசில் இருப்பவர்களுக்கு அது வெறும் கணக்கு. எனக்கு அந்தக் கரையில் அண்ணன் இருக்கிறான்.

ஜனவரி 7, புதன்
லேசான பாகம் ஆவியாகிவிட்டது. மிச்சம் கடல்நீரோடு கலந்து கூழாகத் தடிக்கிறது. குறையும் என்று பார்த்தால் பெருகுகிறது சனியன். வாடைக்காற்று வேறு கரைப்பக்கமே தள்ளுகிறது.

ஜனவரி 8, வியாழன்
சமையலுக்கு நடுவே சேரன் அண்ணன் போன். அவன் நண்டு வலை கடலில் கிடக்கிறது.

"சனிக்கெழமை விசைப்படகு கடலுக்குப் போற மொறை தாயி. நாளைக்குள்ள எடுக்கலேன்னா வலையக் கிழிச்சுப்புட்டுப் போயிருவாய்ங்க. எண்ணெ எப்ப வெலகும்?"

திரையைப் பார்த்தபடியே சொன்னேன். "காலைல ஆறு மணிக்கு மேல போண்ணே."

"நீ சொன்னாச் சரி சுடரு."

ஜனவரி 9, வெள்ளி
அண்ணன் எண்ணெய்க்குள் மாட்டிக்கொண்டான். வலை இழுக்கும்போதே சுற்றி வளைத்துவிட்டதாம். மூச்சு முட்டி, வாந்தியெடுத்து, ஆஸ்பத்திரியில் கிடக்கிறான். எப்படி? ஆறு மணிக்கே விலகியிருக்க வேண்டுமே -

அய்யோ.

அந்தத் திரையில் ஓடுவது கிரீன்விச் நேரம். அங்கே ஆறு என்றால் இங்கே பதினொன்றரை. அறிக்கை எழுதும்போதெல்லாம் மாற்றித்தான் எழுதுவேன். போனில் அப்படியே வாசித்துவிட்டேன். அறிவுகெட்ட முண்டம் நான்.

ஜனவரி 10, சனி
ஆஸ்பத்திரிக்குப் போனேன். கண் சிவந்து, கையெல்லாம் தடிப்பு. அன்புச்செல்வி மதினி தேங்காயெண்ணெய் தொட்டுத் துடைத்துத் துடைத்துப் பார்க்கிறாள், நகக்கண்ணில் கறுப்பு போகவில்லை. அண்ணன் பக்கத்துக் கட்டில்காரரிடம் பெருமையாகச் சொல்கிறான்: "எந்தங்கச்சி சரியாத்தான் சொன்னுச்சு. காத்துதேன் மாறிருச்சு."

காற்று மாறவே இல்லை. வாயைத் திறக்காமல் பஸ் ஏறிவிட்டேன்.

ஜனவரி 11, ஞாயிறு
திரும்பப் போய், நேரத்தைத் தப்பாகச் சொன்னது நான்தான் என்று சொல்லிவிட்டேன். அண்ணன் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டான். மதினிதான் வெடித்தாள். "ஒன் படிப்ப நம்பித்தானே எறங்குனாரு! ஒண்ணு கெடக்க ஒண்ணு ஆயிருந்தா நா யாருகிட்டப் போயி நிப்பேன்?"

அழக்கூட வெட்கமாக இருந்தது.

ஜனவரி 15, வியாழன்
பொங்கல். அண்ணன் வீட்டுச் சீர் வரவில்லை. எனக்குக் கல்யாணமானதிலிருந்து இதுதான் முதல் தடவை.

ஜனவரி 17, சனி
அண்ணன் இன்றும் போனை எடுக்கவில்லை. அறிக்கையில் ஒவ்வொரு நேரத்தையும் திரும்பத் திரும்பச் சரிபார்க்கிறேன். இந்த வேலையே வேண்டாம் என்று வருகிறது.

ஜனவரி 21, புதன்
அண்ணனே கூப்பிட்டான். நலம் விசாரிப்பு ஒன்றும் இல்லை. எண்ணெயில் பாழான வலைக்குப் பதிலாக இரவல் வலை கிடைத்திருக்கிறதாம்.

"நாளைக்கு வலை வைக்கப் போகணும். மிச்சக் கறை எப்ப வெலகும்?"

கணக்கை மூன்று தடவை பார்த்தேன். அதுவரை அவன் லைனிலேயே இருந்தான்.

"மத்தியானம் ரெண்டு மணிக்கு மேல போகலாம்ணே."

"எந்த ஊரு ரெண்டு மணி?"

"நம்ம ஊரு ரெண்டு மணிண்ணே."

"ம்."

போனை வைக்காமலே உள்ளே திரும்பி மதினியிடம் சொன்னான்: "ஏய், நாளைக்கு ரெண்டு மணிக்கு மேலதானாம். சுடரு சொல்லுது. சோத்த மெதுவா வையி."